மெற்றில்டா கண்டுபிடித்த குழி

நம்பாவிட்டால் விடுங்கள். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்திருக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் இது என் கண்முன் நடந்தது. நான் லவினா, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள். அங்கே சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைத்தான் ஆராய்ந்தோம். அது உயிர்வாழச் சக்தி கொடுப்பது ஒரு நொதியம். நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம். நொதியம் தன் வேலையைச் செய்யும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு குழி. அதில் ஒரு சீனி மூலக்கூறு வந்து அமர்ந்தால், நான்கு துண்டும் லேசாகத் திரும்பி இறுகும். நொதியம் முழு வேகத்தில் ஓடும். அந்தக் குழியை மருந்தால் அடைத்துவிட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் சாகும்.

அதைக் கண்டுபிடித்தவள் மெற்றில்டா. எனக்கு முன் அங்கே வேலை செய்தவள். டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது எங்கள் தலைவர் டொக்டர் கிளறன்ஸின் பெயர் மட்டுமே இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "சேர், மெற்றில்டா அக்காட பேர் ஏன் போடேல்ல?"

அவர் சிரித்தார். "செத்தவளுக்குப் பேர் எதுக்கு?"

அன்று மாலை மழை. எல்லோரும் போய்விட்டார்கள். மறுநாள் மாநாட்டில் பேச வேண்டியதை சேர் ஒத்திகை பார்த்தார். கேட்க நான் மட்டும். சுவர்த் திரையில் நொதியத்தின் உருவம்.

"இந்தக் குழியைக் கண்டுபிடிச்சது நான்..."

உருவம் தானாகச் சுழன்றது. நின்றது. குழி எங்களைப் பார்த்தபடி.

"மவுஸத் தொட்டனீரா?"

"இல்ல சேர்."

மீண்டும் தொடங்கினார். "கண்டுபிடிச்சது நான்..."

க்ளிக்... கதவு பூட்டிக்கொண்டது. குளிர்ப்பெட்டிகளின் இரைச்சல் நின்றது. எங்கிருந்தோ டெற்றோல் வாசனை. காய்ச்சல் வார்ட்டில் அடிக்குமே, அது.

"சேர், போவம்."

"பேசாம இரும்!" என்னை அதட்டிவிட்டு வெற்று அறையைப் பார்த்துக் கத்தினார். "நான்தான் கண்டுபிடிச்சனான்! நான் மட்டு..."

குரல் அறுந்தது.

வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். சேருக்குப் பின்னால் ஒரு பெண்... ஒற்றை விரலால் அவர் தோளை அழுத்திக்கொண்டு. தோளை மட்டும். தொண்டையைத் தொடவேயில்லை.

திரும்பினேன். யாருமில்லை.

கண்ணாடியில் இருந்தாள்.

சேரும் பார்த்துவிட்டார். உதடுகள் அசைந்தன. மெற்...றில்...டா.

அவள் தலையாட்டினாள்.

க்ளிக்.

கதவு திறந்தது. ஓடினேன்.

சேரின் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டொக்டர்மார். குரல் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. விரல் பட்ட இடத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. அதன் திசு மாதிரி பரிசோதனைக்கு எங்கள் கூடத்துக்கே வந்தது. லீஷ்மேனியா. டிஎன்ஏ பரிசோதனையை நானே செய்தேன். நொதியத்தின் குழியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. வேறெந்த நோயாளியிடமும் நாங்கள் காணாத மாற்றம்.

கிருமிகளை வளர்த்துப் பாதுகாக்கும் ஷரீப் நானாவிடம் காட்டினேன். அவர் முடிவை இரண்டு தரம் வாசித்தார்.

"மகள்... இது மெற்றில்டா செஞ்ச மாற்றம். அந்தக் குழிதான் சுவிச்செண்டு காட்ட அவ உண்டாக்கின கிருமி. ஒரே ஒரு குப்பிதான் இருந்திச்சி. அவ காய்ச்சல்ல மௌத்தான கிழமையே சேர் அத அழிக்கச் சொன்னார். என்ட கையாலதான் எரிச்ச."