கடைசி எழுத்தின் தும்பிக்கை

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு மீன் கூடையைத் தூக்கிவிட்டேன். பாதி மறந்தும் போகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு நின்றாலும் எழுத்துகளைப் பார்ப்பது நிற்கவில்லை. முட்டம் கரையில் வள்ளங்கள் திரும்பும்வரை சும்மாதானே இருக்க வேண்டும். பஸ் முகப்பில் கண்டது, சுவர் விளம்பரத்தில் கண்டது, மகன் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவில் கண்டது, எல்லாவற்றையும் ஈர மணலில் குச்சியால் வரைவேன். டப்பாவில் இருந்தது அரபி. வாசிக்கத் தெரியாது, வரையத் தெரியும். யாராவது வந்தால் காலால் அழித்துவிடுவேன்.

மகன் வெளிநாட்டு வேலையை விட்டுவந்து புது வள்ளம் எடுத்தான். பெயர் கடலன்னை. ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பெயின்டருக்குக் காய்ச்சல். பெயரில்லாமல் எப்படி மந்திரிப்பது என்று மகன் தலையில் கைவைத்தான்.

"நான் எழுதட்டா மக்கா?"

"எம்மா, நீயா? இது மீன் கூடையில்ல, வள்ளம்."

"வேற ஆளு உண்டா?" என்றாள் மருமகள்.

வலப்பக்கம் நீலப் பெயின்டில் எழுதினேன். 'க' நன்றாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் 'ட' பெரிதாகிவிட்டது. 'ல', 'ன்' முடிவதற்குள் வள்ளம் முடிந்துபோனது. முன்முனையில் நான்கு விரல் அகலம்தான் மிச்சம். இரட்டைச் சுழியும் போட்டு 'ன'வும் எழுத இடமில்லை. ஆனால் முன்முனை மேலே வளைந்து ஏறுகிறது. அகலம் இல்லை, உயரம் இருக்கிறது.

நான் பள்ளியில் படித்த 'னை'க்கு இரட்டைச் சுழி கிடையாது. தலைக்கு மேலே தும்பிக்கை தூக்கியிருக்கும். அதை மாற்றி வெகுகாலம் ஆகிறது. எனக்கும் தெரியும். கை தவறிவிட்டது என்று மகனிடம் பிறகு சொன்னது பொய்.

தும்பிக்கையை வளைவோடு ஏற்றிவிட்டேன். வள்ளம் செய்தவர் அதற்கென்றே இடம் விட்டதுபோல இருந்தது.

சாமியார் 'கடலன்' வரை வாசித்து நிறுத்தினார். பிறகு தீர்த்தத்தைக் கொஞ்சம் அதிகமாகத் தெளித்தார்.

"ஏலே, வள்ளத்துல ஆன ஏறி நிக்குதே, மீனுக்கு இடம் உண்டா?" என்று தும்பிக்கையைக் காட்டிச் சிரித்தார் பக்கத்து வள்ளக்காரர்.

மகன் முகம் கறுத்துவிட்டது. "ஊரே சிரிக்குது. பெயின்டர் எழும்பி வரட்டும், அழிச்சுப்போடுவேன்" என்றான்.

நான் தலையாட்டினேன். அழிக்காமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. பெயின்டருக்குக் காய்ச்சல் விடக்கூடாது என்று நான் ஜெபிக்கவில்லை. விட வேண்டும் என்றும் ஜெபிக்கவில்லை.

அந்த வாரம் வள்ளங்கள் திரும்பும்போது நான் கரையில் நின்றேன். தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏலம் விடுகிறவர் கையை நீட்டி, "ஆன வள்ளம் வருது, இடம் விடுங்க" என்றார். பெயர் தெரியவில்லை. தும்பிக்கை தெரிந்தது. பிறகு வியாபாரிகளும் 'ஆன வள்ளத்து மீன்' என்றே கேட்டார்கள்.

பெயின்டர் சுகமாகி வந்தார்.

"மத்த எழுத்த நேராக்கும். 'ட' நல்லா வீங்கியிருக்கு. கடைசிய மட்டும் தொடண்டாம். மறுபக்கமும் அதுமாதிரியே போடும்" என்றான் மகன்.

பெயின்டர் அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை. "பாட்டி, தும்பிக்கை எந்தப் பக்கமா வளையும்?" என்று கேட்டார். வலப்பக்கம் என்று உறுதியாகச் சொன்னேன். அவர் போன பிறகுதான் சந்தேகம் வந்தது. பள்ளியில் அப்படித்தான் படித்தேனா, முன்முனை வலப்பக்கம் ஏறியதால் நானும் அப்படி ஏற்றினேனா, நினைவில்லை.

பழைய பாடப்புத்தகம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பார்த்துச் சொல்லவும். தவறென்றால் என்னிடம் மட்டும் சொன்னால் போதும். வள்ளம் இப்போது கடலில் இருக்கிறது.