சாயம் போக்கும் தூள்

"எரியுது மெர்சி, இன்னும் எரியுது." மூத்திரம் போய்விட்டு வந்ததும் இளம்பரிதி தினமும் இதைத்தான் சொல்வான். தெருக்குழாய் வரைக்கும் கேட்கும்.

அவனுக்கு ஆம்பூர் தோல் கம்பெனியில் சாயம் போடும் வேலை. அரக்கோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஆணுறைகூட இல்லாமல் வேறொருத்தியோடு படுத்து, நோயோடு வந்தான். பெண்டாட்டி மெர்சியையும் ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர் கூப்பிட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

ஊசி போட்டாயிற்று, மாத்திரை தின்றாயிற்று. வேலூரில் திரும்பத் திரும்பச் சோதித்தும் இருவருக்கும் ஒரு கிருமியும் இல்லை. அவன் எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஒரு நாள் குளியலறையைக் கழுவும்போது, கையில் ஒட்டிய சாயத்தைப் போக்கக் கம்பெனியில் கொடுக்கும் சோப்புத்தூள் மெர்சியின் கண்ணில் பட்டது.

"யோவ், இது இன்னாத்துக்கு இங்க?"

"தெனம் அங்க போட்டுத் தேய்க்கிறேன். கைச்சாயமே போவுது, அந்தக் கறை போவாதா?"

"கறை உன் புத்தியில இருக்குதுய்யா. அங்க போட்டுத் தேய்யி!"

டப்பாவோடு சாக்கடையில் கொட்டினாள். தோல் வெந்திருக்கிறது என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். எரிச்சல் அடங்கிவிட்டது. அவன் புலம்பலைக் கேட்ட தெரு வாய்தான் அடங்கவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று மெர்சி கொடுத்த கிறிஸ்துமஸ் பலகாரத்தைக்கூட ஒருவரும் தொடவில்லை.

அவனை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அது அவள் பாடு. தப்பே செய்யாதவள் கையால் டீ வாங்கிக் குடித்தால் யாருக்கும் எதுவும் ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும்போது அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.