றம்ஸான் பாஸின் நாக்கு

“என்ட கையால பூசினத என்ட கையாலயே சுரண்டின நாள் இன்னும் விடியல்ல. விடியவும் மாட்டாது.”

இப்படி அறிவித்துவிட்டு றம்ஸான் பாஸ் சாரத்தைத் தூக்கிக் கட்டினார். முழந்தாளிட்டார். நுஸ்கியின் ஹோட்டல் படிக்கட்டில் மூன்றாவது பலகையை நக்கினார். கண்களை மூடி, தேர்தல் முடிவை வாசிக்கப் போகிற அதிகாரி போலச் சற்றுத் தாமதித்தார்.

“உப்பு இருக்கி. இன்னும் ரெண்டு கழுவல்.”

போன மாதம்தான் மூதூரிலிருந்து வந்து நிலாவெளியில் அந்த ஹோட்டலை வாங்கிய நுஸ்கி, வாயைப் பிளந்தபடி தலையை ஆட்டினான். கடற்கரையோரம் மரவேலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போனது. வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் போனைத் தூக்குவார்கள். பாஸுக்கு அதில் ஆட்சேபமில்லை. நக்கும்போது முகத்தின் இடது பக்கத்தைக் காட்டுவார். அந்தப் பக்கம் தாடி அடர்த்தி.

இருபத்தாறு வருடங்களாக அவர் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். பிரஷ்களைப் பழைய சேர்ட் ஒன்றில் பிறந்த பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றி முன்னால் வைத்துக்கொள்வார். மரத்துக்கு ஸ்டெயின் பூசுவது அவர் தொழில்; ‘பாஸ்’ என்பது கைதேர்ந்த தொழிலாளிக்கு ஊர் கொடுக்கும் பட்டம். அதைப் பெயின்ட் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைய வேலை அரை மணி நேரம் பிந்தும். “பெயின்ட் உடுப்பு மாதிரி, மேல கிடக்கும். ஸ்டெயின் சோத்துக்குள்ள கறி மாதிரி. ஊறணும்” என்று தொடங்கும் அந்த விரிவுரையை நிலாவெளியில் கேட்காத சமையல்காரர்கூட இல்லை. பூச்சு காய்வதற்கு அவர் மணிக்கூடு பார்ப்பதில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பூசினால் பின்னேர அஸருக்குத் தொடலாம். பொழுதுபட, மஃரிபுக்கு ஏறி நடக்கலாம்.

கடற்கரை மரம் வருடம் முழுவதும் உப்பைக் குடிக்கும். அந்த உப்பை வெளியே எடுக்காமல் மேலே பூசினால், அது ஈரத்தை இழுக்கும். ஈரம் பூச்சைத் தள்ளும். ஆகவே பழையதைச் சுரண்டி, பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் வரவழைத்துக் கழுவி, காயவிட்டு, பிறகு நாக்கு வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாம். ஒரு கொழும்பு முதலாளி கொண்டுவந்தும் காட்டினார். மூன்றாம் நாள் உப்புக் காற்றில் அதன் பற்றரி துருப்பிடித்துச் செத்தது. பாஸின் நாக்கோ வெறும் தேத்தண்ணியில் ஓடுகிறது.

அந்தச் சனிக்கிழமை, இரண்டாவது கழுவலுக்கு வாளியைத் தூக்கும்போதுதான் பக்கத்து வளவிலிருந்து கௌசிகா ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

கௌசிகா முன்பு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இப்போது ஐந்து அறை கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறார். கடலைப் பார்த்த அவரது பலகைத் தளத்தில் நாற்பத்திரண்டு பாலைப் பலகைகள். பாஸ் போன மார்ச்சில் பூசியது. மழை முடிந்து பெப்ரவரி பிறந்தபோது, அந்தப் பூச்சு நாலு நாள் வெயிலில் கிடந்த வெள்ளைக்காரனின் முதுகு போல உரிந்து கிடந்தது.

“நானா, ஏன் கழண்டது எண்டு தெரியாமல் இனி ஒரு சொட்டும் பூச விடமாட்டன். திங்கட்கிழமை டைல்ஸ்காரன் அளக்க வாறான்.”

டைல்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பாஸ் தூணைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு கௌசிகா; நாளைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நுஸ்கி; அடுத்த சீசனுக்குள் நிலாவெளி வீதி முழுவதுமே ஒரு நீண்ட குளியலறையாக மாறிவிடும். அந்தக் குளியலறையில் றம்ஸான் பாஸுக்கு என்ன வேலை?

உடனடியாக ஒரு விசாரணைக் கமிஷன் கூடியது. தலைவர், உறுப்பினர், செயலாளர் எல்லாம் அவரே. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தளத்தை இரண்டு முறை சுற்றி வந்தார்.

“வெயில், தங்கச்சி.”

“வெயில் போன வருஷமும் இருந்ததுதானே?”

“அப்ப வெள்ளக்காரர் பூசுற எண்ணெய். அவங்கட முதுகுல இருந்து பலகைக்கு இறங்குது.”

“அவை கதிரையிலதானே படுக்கினம்.”

“கதிரைக்கு நடந்துதானே வாறாங்க?”

“முதுகாலயா நடக்கினம்?”

கமிஷன் இக்கேள்வியைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அடுத்ததாக விடுதியின் நாய் மீது சந்தேகம் திரும்பியது. நாய் சட்டத்தரணி இல்லாமல் ஆஜராகி, குற்றம் நடந்த இடத்திலேயே நித்திரை கொண்டிருந்தது. நாய் என்றும், இல்லையென்றால் தரை துடைக்கிற தண்ணீரில் ஊற்றுகிற மருந்து என்றும், அதுவும் இல்லையென்றால் இந்தக் காலத்துப் பாலை மரமே முந்திய மாதிரி இல்லை என்றும் பாஸ் அடுக்கிக்கொண்டே போனார்.  கௌசிகா மூலையில் கிடந்த நீண்ட வாங்கை, ஆட்கள் உட்காரும் அந்த மரப் பலகையை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

வாங்குக்குக் கீழே வெயில் பட்டதில்லை. எண்ணெய் முதுகு எதுவும் அங்கே போனதில்லை. நாய் நுழைய இடமில்லை, துடைப்பமும் எட்டாது. அங்கேயும் பூச்சு அழகாக, ஒரே அளவாக உரிந்திருந்தது.

பாஸ் குந்தினார். உரிந்த தோல் ஒன்றை நகத்தால் கிளப்பி எறிந்தார். கீழே தெரிந்த வெறும் மரத்தில் நாக்கை வைத்தார். இம்முறை தாமதிக்கவில்லை. இடது பக்கத்தையும் காட்டவில்லை.

“என்ன?” என்றார் கௌசிகா.

“கடல் முழுக்க உள்ளுக்குத்தான் இருக்கி.”

“அப்ப போன முறை நக்கிப் பாக்கேல்லையோ?”

கேட்டது ஒரு விஞ்ஞான ஆசிரியை. பாஸ் பலகையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“பூசக்குள்ள நோன்பு, தங்கச்சி.”

மற்ற வருடங்களில் நோன்புக்கு முன்னோ பின்னோ பூசிவிடுவார்; சென்ற வருடம் மார்ச் முழுவதும் நோன்பாக வந்தது. சீசன் ஏப்ரலில் தொடங்க இருந்தது. நோன்பு வாயோடு பலகையை நக்கலாமா என்று பள்ளிவாசலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனால் இருபத்தைந்து வருட அனுபவமுள்ள ஒரு பாஸ் அப்படியொரு கேள்வியைக் கேட்டால் பெருநாள் வரைக்கும் கிண்ணியா சிரிக்கும். ஆகவே அவர் பலகையைக் கண்ணால் பார்த்தார். கண் சரி என்றது. பூசிவிட்டார்.

“நோன்பு துறந்த பிறகு பாத்திருக்கலாமே, நானா?”

“நோன்பு துறக்கக்குள்ள நான் கிண்ணியாவுல. பலக இஞ்ச.”

“என்னட்டச் சொல்லியிருந்தா நான் நக்கிப் பாத்துச் சொல்லியிருப்பன்.”

“எல்லார்ட நாக்கும் நாக்கில்ல, தங்கச்சி” என்றார் பாஸ், அந்த நிலையிலும்.

கௌசிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு டைல்ஸ்காரனை ஞாபகப்படுத்தினார். காரணம் தெரிந்துவிட்டதில் தனக்குத் திருப்திதான், ஆனால் அவனை மறிக்கப்போவதில்லை. திங்கட்கிழமை காலையில் அவன் நாடாவோடு வரும்போது இந்தத் தளம் சுத்தமான வெறும் மரமாகக் கிடந்தால் திருப்பி அனுப்புவார். ஒரு பலகையில் பழைய தோல் மிஞ்சியிருந்தாலும் அளக்கச் சொல்லிவிடுவார்.

பாஸ் எழுந்து சாரத்தை உதறினார். இப்போது அவர் சொன்னது சட்டப்படி மிகவும் கவனமான ஒரு வாக்கியம். “ஆள் விட்டுச் சுரண்டித் தாறன். மறுகா நான் பூசுறன்.” ஆள் சுரண்டினால் அது ஆளின் கை. பிரகடனத்துக்குச் சேதமில்லை.

ஞாயிறு விடிந்தது. மோட்டார் சைக்கிளில் பாஸ் தனியாகத்தான் வந்து இறங்கினார். ஆள் எங்கே என்று கௌசிகா கேட்கவில்லை. வேறொருவன் சுரண்டினால் ஓரங்களை விட்டுவிடுவான் என்று பாஸ் நினைத்தாரா, ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்கவில்லையா, அல்லது ஆள் தேடவே இல்லையா என்பது அவருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டுமே தெரியும். இரும்புச் சுரண்டியை எடுத்துக்கொண்டு, கடல் பக்கத்து ஓரத்தில் முதல் பலகையில் உட்கார்ந்தார். அதுதான் உப்பு கூடின பலகை. கடற்கரையில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிற பலகையும் அதுதான்.

பதினெட்டாவது பலகையில் நிற்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. இருபத்தைந்தாவதில் இடது கைக்கு மாற்றினார். உரிந்த தோல் செம்மண் நிறத்தில் சாரத்திலும் தாடியிலும் அப்பியிருந்தது. நாய் மட்டும் கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தது.

கடற்கரையால் நடந்து வந்த நுஸ்கி தளத்துக்குக் கீழே நின்றான். பூச்சுக்குக் காத்திருக்கிற தன் படிக்கட்டை மனதில் வைத்துக்கொண்டு, உரிந்து குவிந்திருந்த தோலைக் காலால் கிளறிப் பார்த்தான்.

“அல்லாஹ்வே! என்ன நானா இது, இப்பிடிக் கழண்டு கிடக்கி? யார்ட வேல?”

தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்ற கௌசிகா அவசரமாக வாயெடுத்தார். “அது, தம்பி, போன வருஷம் கொழும்பில இருந்து ஒரு ஆள் வந்து—”

பாஸ் தலையைத் திருப்பாமலே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு சுரண்டியின் பிடியால் தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டிக் காட்டிவிட்டு, அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.