ஒரு முட்டையும் ஒரு சக்கர நாற்காலியும்

மகளை நாமக்கல் பள்ளி விடுதியில் சேர்த்த முதல் நாள் மாலை, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வார்டனம்மா இரண்டு எமோஜி படங்கள் அனுப்பினார். ஒன்று முட்டை. மற்றொன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள். மற்ற பெற்றோர் எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கோ மகளின் காலுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பட்டது. வார்டனம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு போனேன்.

விடுதி வாசலில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை எட்டப் பிடித்து, பருத்த உடம்புக்கார வார்டனம்மா ஒற்றை விரலால் படம் தேடிக்கொண்டிருந்தார். எழுத்து தட்டும் பழக்கமே அவருக்கு இல்லை.

“என் பொண்ணு காலுக்கு என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. புள்ளைங்க முட்டை தின்னுபோட்டு உக்காந்து படிக்கறாங்கன்னு போட்டனுங்க. அந்தப் படத்துலதான் ஆளு அடக்கமா உக்காந்திருக்குது.”

“வேற படமே இல்லீங்களா?”

“தூங்கிட்டாங்கன்னு ஒருக்கா கட்டில் படம் போட்டனுங்க. ஒரு புள்ளையோட அப்பா, எருமப்பட்டிக்காரரு, டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டாரு.”

ஜன்னல் வழியே பார்த்தேன். மகள் இரண்டு கால்களையும் ஆட்டியபடி படித்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்காக நாளைக்கு மாத்திப் போடறேன், பயப்படாம போங்க சாமி” என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் மாலை வெறும் நாற்காலி மட்டும் வந்தது. அதில் உட்கார்ந்திருந்த பிள்ளை எங்கே போனாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.