ப்ராசஸரா மெமரியா என்று நாலு மாதம்

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ரகசியம் பேசுகிறவர் போலக் குனிந்து, "சார், வீட்ல ஒரு பழைய கேமிங் கம்ப்யூட்டர் இருக்குது. ப்ராசஸர மாத்தலாமா, மெமரி சேத்துப் போடலாமா?" என்று கேட்டார். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு நான் இரண்டு மணி நேரம் பதில் சொல்வேன். கேட்டவர் எழுந்து போனாலும் பின்னாலேயே போய்ச் சொல்வேன். இப்போது, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றேன். பொய்யில்லை. தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் நெசவுக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். கூடத்தில் பாதியை அப்பாவின் தறி எடுத்துக்கொண்டது. மீதியில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது கைமாறி வந்தது. ஒரு மணி நேரம் ஓடினால் சூடேறி ஒரு வாடை வரும். கஞ்சி போட்ட பாவு நூலும் பழைய ரப்பரும் சேர்ந்து வெயிலில் காய்ந்த மாதிரி. இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் என் வலது கை தானாக மவுசைத் தேடும்.

உண்மையான ஆட்டக்காரி என் அக்கா தேவகி. காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை. பகலெல்லாம் போனைப் பார்த்து, "வணக்கம் சிஸ்டர்ஸ், இது மயில் கழுத்துக் கலர், முந்தானையைப் பாருங்க" என்று தேனாகப் பேசி நேரலையில் புடவை விற்பாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நைட்டியை மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தால் பத்துப் பேரைச் சுட்டுத்தள்ளிவிட்டுத்தான் சாப்பிட எழுந்திருப்பாள். ஆன்லைன் கணக்கு என் பெயரில் இருந்ததால், எதிரில் ஆடுகிறவர்கள் அவளை மரியாதையாக "ப்ரோ" என்பார்கள்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "லெப்ட்ல வர்றான்க்கா" என்று கத்துவேன். அது போக, கருவிகளுக்கு நான்தான் பொறுப்பு. யாரும் கொடுத்த பதவி இல்லை, நானாக எடுத்துக்கொண்டது.

பிரச்சினை என்னவென்றால், எதிரி கண்ணெதிரே வந்து நிற்கும் அந்த நொடியில் படம் அசையாமல் நின்றுவிடும். மறுபடி அசையும்போது அக்கா செத்துக்கிடப்பாள். "என்னாடா இது, எவனோ வந்து சுடறான், நான் போஸ் குடுத்துக்கினு நிக்கிறேன்" என்பாள். நான் தாடையைத் தடவிக்கொண்டு, "ஒண்ணு ப்ராசஸர், இல்லனா மெமரி. ஸ்டடி பண்ணணும்க்கா" என்பேன்.

ஸ்டடி பண்ணினேன். வீடியோவாகப் பார்த்தேன். ஒருவர் ப்ராசஸர்தான் மூளை என்றார். மூளை மட்டும் இருந்து என்ன பயன், வேலை செய்ய மேசை வேண்டாமா, அந்த மேசைதான் மெமரி என்றார் இன்னொருவர். இரண்டு பேர் பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது. திங்கட்கிழமை மூளைக் கட்சியில் இருப்பேன், வியாழக்கிழமை மேசைக் கட்சிக்குத் தாவுவேன். ஒரு நோட்டுப்புத்தகம் போட்டுக் கட்டம் கட்டி எழுதினேன். தெருவில் இரண்டு பேர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள் என்பதை இங்கே அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் வாங்கிப் போட்டு ஆடவும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் அக்காவுக்கு ஆரணியில் மாப்பிள்ளை பார்த்துத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. மார்கழியில் ஊரிலிருந்த கேமிங் சென்டர் ஒன்று ஆன்லைன் போட்டி அறிவித்தது. வீட்டிலிருந்தே ஆடலாம். அக்கா என் பெயரைக் கொடுத்துப் பதிவு செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச்சுடா. இதான் எனக்குக் கடைசி. அதுக்குள்ள முடிவு பண்ணுவியா, இல்ல என் புள்ளைக்குக் காது குத்தறப்ப சொல்லுவியா?"

மறுநாள் சனிக்கிழமை மெட்ராஸ் பஸ் ஏறினேன். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, செகண்ட் ஹேண்ட் ப்ராசஸர் ஒன்றை, மாமனார் போட்ட மோதிரத்தை மாப்பிள்ளை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினேன். சூடு தணிக்க அதன் முதுகில் தடவும் பேஸ்டைக் கடைக்காரர் ஒரு குட்டி டியூபில் இனாமாகக் கொடுத்தார்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். அப்போதும் உட்காரவில்லை. போர்டிலிருந்த எண்ணை நோட்டுப்புத்தகத்தில் தேடிப் பார்த்தால், நான் வாங்கியது எங்கள் போர்டுக்கு அடுத்த தலைமுறைக்கானது. இந்தக் குழியில் அது எந்தக் காலத்திலும் உட்காராது.

அக்கா என் நோட்டுப்புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"நாலு மாசமா ஒலகத்துல இருக்கிற எல்லாப் பொட்டியயும் பாத்த. நம்ம பொட்டிய ஒரு வாட்டி தொறந்து பாத்தியாடா?"

பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். விசிறிக்குக் கீழே கம்பளி மாதிரி ஏதோ படிந்திருந்தது. பிய்த்து எடுத்தால் பட்டுப் பஞ்சு. அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அப்பா நெய்த நிறமெல்லாம் அடுக்கடுக்காக இருந்தது. காற்றுப் போக ஊசிமுனை இடமில்லை; அந்தச் சூட்டில் படம் நிற்காமல் என்ன செய்யும். தறியிலிருந்த அப்பா திரும்பிப் பார்த்து, "ஒரு பொடவ தேறும் போலக்குதே" என்றார். அக்கா பெயிண்ட் பிரஷ்ஷாலும் சைக்கிள் பம்பாலும் சுத்தம் செய்தாள். பழைய ப்ராசஸரையே மறுபடி வைத்து, இனாம் பேஸ்டைத் தடவினாள். பிறகு இரண்டு மெமரிப் பட்டைகளையும் பார்த்து, "இது ஏண்டா ஒண்ணு நீலத்துல ஒண்ணு கறுப்புல சொருகிக்கீது? மேட்ச்சாவே இல்ல" என்று இரண்டையும் நீலக் குழிகளில் செருகினாள். அப்படித்தான் செருக வேண்டும் என்று என் நோட்டில் எழுதியிருந்தது. சொல்லவில்லை. மானம் போனது போதும்.

ஞாயிறு மத்தியானம் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அக்கா ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டாள். "ப்ரோ, வெறித்தனம் ப்ரோ" என்று எவனோ ஹெட்போனில் கத்தினான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காமாட்சியம்மன் கோயிலுக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா, அப்படியே மருமகளையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று இறங்கிவிட்டார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். "சாவாத. பத்து நிமிஷம். செவுத்தோரமா ஒளிஞ்சிக்கினே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் ஒளிந்துதான் இருந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு அக்கா வந்தபோது, திரையில் நான் குப்புற விழுந்து கிடந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்து, "பையன் எந்நேரமும் இதே வேலையா இருக்கான் போலக்குது" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பாமலே, "ஆமா அத்த, எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேன்றான்" என்றாள். தட்டு மட்டும் லேசாக ஆடியது. சிரிப்பை அடக்கினாளா வேறு எதையாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தையில் கல்யாணம் முடிந்து ஆரணிக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, வேலைக்குப் போன பிறகு, நான் போர்டு, ப்ராசஸர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். ஆராய்ச்சி எதுவும் இல்லை. கடைக்காரர் சொன்னதை வாங்கினேன். ஐகானைத் தட்டி, நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் ஆட்டம் திறந்துவிட்டது.

பழைய பெட்டியில் அது திறக்க நாலு நிமிடம் ஆகும். திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி ஊரும். அதைப் பார்த்துக்கொண்டே அக்காவும் நானும் பேசிய அளவுக்கு வேறெங்கும் பேசியதில்லை. கடையில் யாரோ திட்டியது, அப்பாவின் முட்டிவலி, என் அரியர் பேப்பர் என்று எல்லாம் அந்த நாலு நிமிடத்தில்தான். நிச்சயம் முடிந்த மறுநாள், கோடு பாதி ஊர்ந்திருந்தபோது, "எனக்கு அங்க ஒத்து வருமாடா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆட்டம் திறந்துகொண்டது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.