நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் உயர மேடை

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் மிசாவோ அடுப்பை நோக்கி விரலை நீட்டி, "அடுப்பு அணைஞ்சிருக்கு, சரி!" என்று உரக்கச் சொல்வாள். அடுத்து ஜன்னல். பிறகு செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கும் கணவன்: "ஆள் இருக்கு, சரி!" தொழிற்சாலையில் பழகிய விரல் அது. இருபத்தாறு ஆண்டுகளில் ஒருநாளும் தவறியதில்லை.

ஹெகினான் நகரத் தொழிற்சாலையில் கார்களுக்கான ரப்பர் வளையங்களைச் சோதிப்பது அவள் வேலை. நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். நாற்காலிகளை எடுத்துவிட்டால் ஆளுக்கு நான்கு விநாடி மிச்சம் என்று எப்போதோ யாரோ எழுதிப்போட்ட யோசனைக்குத் தங்கப் பரிசே கிடைத்திருந்தது. இப்போது மிசாவோவின் முழங்கால்கள் நறநறத்தன.

"உட்கார்ந்து வேலை பார்த்தா ஓய்வு வரைக்கும் ஓட்டலாம். இல்லேன்னா இந்த வருஷத்தோட வேலையை விட்டுடுங்க" என்றார் மருத்துவர்.

ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. வேலையை விட அவளுக்கு மனமில்லை. குழுத்தலைவர் ஹொத்தாவிடம் போய் நின்றாள்.

"நாற்காலியா? பரிசு வாங்கின யோசனையாச்சே, மிசாவோ சான்! இங்கே முன்னேறத்தான் படிவம் இருக்கு. பின்னாடி போறதுக்கு ஏது?"

"அப்ப என் முட்டி?"

"அது உங்க சொந்தப் பொருள். நம்ம பட்டியல்ல வராது."

மாதம் ஆளுக்கொரு முன்னேற்ற யோசனை எழுதித் தர வேண்டும் என்பது அங்கே விதி. அந்த மாதம் மிசாவோ, தன் இடத்தில் தரையில் மஞ்சள் நாடாவால் ஒரு சதுரம் ஒட்டக் கேட்டாள்.

"எதுக்கு?"

"பொருளுக்குன்னு ஒரு இடம் வேணுமில்ல, தலைவரே."

ஹொத்தாவின் முகம் மலர்ந்தது. மறுமாதம் அந்தச் சதுரத்தில் வளையங்கள் வைக்க நாலுகால் மேடை, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரத்தில். மூன்றாம் மாதம், வளையங்களில் கீறல் விழாமலிருக்க மேலே பஞ்சு மெத்தை. நான்காம் மாதம், அவை பின்பக்கம் உருண்டுவிடாமலிருக்க ஒரு பலகை. எல்லாவற்றுக்கும் முத்திரை விழுந்தது. ஐந்தாம் மாதம் முதல் தேதி மிசாவோ அதில் ஏறி உட்கார்ந்தாள்.

ஹொத்தா ஓடிவந்தார். "ஐயோ, மேடையிலே சோதனை அட்டை இல்லாத பொருள் இருக்கவே கூடாது!"

"இந்த மாச யோசனையே அதுதான்" என்று, தனக்கும் ஒரு அட்டை கேட்டு எழுதிய படிவத்தை அவள் நீட்டினாள்.

அவர் நெடுநேரம் படித்தார். "பொருளைச் சோதிச்சாச்சா?"

"மருத்துவர் பார்த்துட்டார்."

"முடிவு?"

"கால்ல சின்னக் குறை. உட்கார வெச்சா பயன்படும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன!" என்று ஹொத்தா முத்திரையைக் குத்தினார்.

இப்போது மிசாவோ கழுத்தில் 'நிபந்தனையோடு ஏற்கப்பட்டது' என்ற அட்டையுடன் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருக்கின்றன.