மாசிலாமணி அண்ணனிடம் நான் கேட்காத பாட்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே வானம் கறுத்துவிட்டது. லாரியை நிறுத்திவிட்டு, ஈப்போவில் எங்கள் சிலிபின் வட்டாரக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மாசிலாமணி அண்ணனின் மைத்துனர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. "அண்ணே, மச்சான் போய்ட்டாருலா. மூச்சு வாங்குதுன்னாரு, அவ்ளோதான்." என் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் ஈப்போ வட்டார ரப்பர்த் தோட்டங்களில் கல்யாணம் என்றால் பாடியவர் அவர்தான். காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பார், சனிக்கிழமை சாயங்காலம் மைக்கைப் பிடிப்பார். அவருக்குப் பொங்கோ வாசித்தவன் நான். பேராக் மாநிலத்தில் என்னைப் போலப் பொங்கோ வாசிக்க இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. அறிவிப்பாளரும் நானே. நாலாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் மைக் கைக்கு வந்தால் தமிழ் அருவியாகக் கொட்டும்.

சொந்தப் பாட்டு என்று அவரிடம் ஒன்றும் கிடையாது. எல்லாம் சினிமாப் பாட்டுத்தான். அதில் ஒரு சோகப் பாட்டு, மனைவியைப் பறிகொடுத்தவன் ஆற்றங்கரையில் பாடுவது. படத்தில் முப்பது வயலின் அழும். அண்ணனோ ஆர்மோனியமும் என் பொங்கோவும் மட்டும் போதும் என்றார். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்துவார். பிறகு அந்த வரியைப் பாட மாட்டார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலச் சொல்லுவார். பந்தலில் இரண்டாயிரம் பேர் அழுவார்கள். சரி, இருநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுதது உண்மை.

எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். அந்தப் பாட்டின் இசைத்தட்டு அவரிடம் இருந்தது. ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு, "இனி இந்தத் தட்டைப் போட்டா, உம்மைப் பாத்து வேற ஆரோ பாடின மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி, தட்டை அவரிடமே கொடுத்துவிட்டார்.

எங்கள் கச்சேரிகளில் பாட்டு வேண்டுபவர்கள் தங்கள் பெயரோடு துண்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். நான் பெயரை மைக்கில் படிப்பேன். ஒரு கல்யாணத்தில் கிராணியார் அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்பினார். நாலாம் நாள் இறந்துபோனார். ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்தவர். அதை நான் சொல்லவில்லை. அடுத்த மேடையில் நான் சொன்னது இது:

"இந்தப் பாட்டக் கேட்ட கிராணியாரு நாலே நாள்ல போய்ட்டாரு! உசிருக்குப் பயப்படாதவங்க சீட்டு எழுதலாம்!"

கூட்டம் விசிலடித்தது. தைப்பிங்கிலிருந்து வந்திருந்த ஒரு லாரிக்காரர் எழுந்து நின்று, "எனக்குப் பாடுலா, பாப்போம்!" என்று கத்தினார். அண்ணன் பாடினார். மறுவாரம் மழையில் அந்த லாரி பள்ளத்தில் இறங்கியது. அவருக்குக் கால்தான் முறிந்தது. மைக்கில் அவரைச் சாகடித்தவன் நான்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்குச் சீட்டே வரவில்லை. கொஞ்ச நாளில் அண்ணனையே வேண்டாம் என்றார்கள். "கல்யாண வீடுலா இது. அந்த ஆளு வேணாம்." தோட்டம் கைமாறி நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்தோம். அந்தப் பேச்சும் எங்களோடு குடிவந்தது. பலகை ஆலை வேலை முடிந்து வரும் வழியில் அவர் சும்மா முணுமுணுத்தால்கூடப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். படத்துப் பாட்டோ ரேடியோவில் வாராவாரம் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே எல்லாரும் சோறு தின்றார்கள்.

"பாத்தியாடா," என்று அண்ணன் சிரிப்பார். "அதுல உசிரு இல்ல. அதான் யாரு உசிரையும் எடுக்கல."

போன மாதம் பார்க்கப் போனேன். நாற்காலியில் ஒடுங்கிக் கிடந்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"தம்பி, நீ கெளப்பிவிட்ட கததானே? நீயே கேளு. கேட்ட ஒருத்தன் மறுநாள் எந்திரிச்சு நடந்தாப் போதும், ஊரு நம்பும். நான் செத்தப்புறம் என் பேரு எமன் பேரா இருக்கக் கூடாதுடா."

ஆர்மோனியத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். கிராணியாரைக் கொன்றது பாட்டு அல்ல, இருமல் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? வாயைத் திறந்தேன். வேறு வார்த்தைதான் வந்தது.

"உங்களுக்கு முடியலண்ணே. அடுத்த வாரம் வாரேன்."

"சரி, போ," என்றார். போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

சுடுகாட்டில் எல்லாரையும் நிறுத்தி உண்மையைச் சொன்னேன். லாரிக்காரருக்குக் கால்தான் முறிந்தது, தைப்பிங்கில் இன்றைக்கும் கடை வைத்திருக்கிறார் என்றேன். அண்ணனின் மைத்துனர் என் தோளைத் தட்டினார். "விடுங்கண்ணே, ஒங்க கத எங்களுக்குத் தெரியாதா?" பேராக் முழுவதும் பாடிய மனிதர், ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வரி எழாமல் எரிந்தார். நெருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணே, மன்னிக்க வேண்டும். இப்போது நாலு பேர் படிக்க எழுத்தில் கேட்கிறேன். அந்தப் பாட்டை எனக்காகப் பாடுங்கள். நாளைக் காலையில் நான் எழுந்து நடக்கிறேனா என்று சிலிபின் முழுவதும் வாசலில் நின்று பார்க்கட்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. பாடுங்கள், அண்ணே.